கன்னியாஸ்திரியின் இரண்டாம் சுற்று

கக்குவான் இருமல் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அட்ராக்டா மக்டோனாவின் வாசலில் வந்து நிற்காத குடும்பம் கில்மோரனில் குறைவு. அவள் மருத்துவச்சி அல்ல. மாவட்ட ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை வெளுத்துக்கொண்டிருந்தவள். ஆனால் அவளிடம் ஒரு கறுப்பு வெள்ளைக் குதிரை இருந்தது. திட்டுத்திட்டாக இரண்டு நிறமும் கலந்த குதிரையில் போகிறவரை நிறுத்தி இருமலுக்கு மருந்து கேட்டால், அவர் வாயில் முதலில் வருவதுதான் மருந்து என்று எங்கள் ராஸ்காமன் மாவட்டத்தில் ஒரு நம்பிக்கை. வெங்காயம் என்றால் வெங்காயம். கழுதைப்பால் என்றால் கழுதைப்பால்.

அட்ராக்டா எல்லோருக்கும் ஒரே மருந்தைத்தான் சொன்னாள். "டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. வழியில எங்கயும் நிக்காதீங்க."

குதிரையின் முதுகிலிருந்து வந்த வாக்கு என்பதால் போனார்கள். பிள்ளை பிழைத்தது. புகழ் குதிரைக்குச் சேர்ந்தது. அதே டாக்டர் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று வருஷக்கணக்கில் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார்; அவருக்கு நான்கு கால்கள் இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

இதே மனிதர்கள்தான், ஜூலை மாத விவசாயக் கண்காட்சியில் அந்தக் குதிரை வேட்டைக்குதிரைகளின் போட்டிப் பிரிவுக்குள் நுழைந்தபோது மூக்கைச் சுளித்தார்கள். ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும் அளவுக்கு அதற்குப் புனிதம் இருந்தது. ஏலக்கடைக்காரரின் பழுப்புக் குதிரைக்குப் பக்கத்தில் நிற்கும் அளவுக்கு இல்லை. இந்தக் கணக்கு எப்படி நேராகிறது என்று எனக்கு இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

காரணம் குதிரையில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கறுப்பு வெள்ளைக் குதிரை என்றால் டிராவலர்களின், அதாவது வண்டியிலேயே வாழ்ந்து ஊர் ஊராகப் போகும் நாடோடிகளின், குதிரை. வண்டி இழுக்கிற குதிரை. தகரக்காரர்களின் குதிரை. அட்ராக்டா பிறந்தது அப்படிப்பட்ட ஒரு வண்டியில், லாங்ஃபோர்டு போகிற சாலையோரத்தில், ஒரு மார்ச் மாத ஆலங்கட்டி மழையில். அப்பா பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார், குதிரை வாங்கி விற்பார். பள்ளிக்கூடத்தில் டிராவலர் பிள்ளைகளுக்குத் தனி அறை. அந்த அறையில் எழுத்து சொல்லிக்கொடுத்ததைவிடக் குளிக்கச் சொன்னதுதான் அதிகம். அட்ராக்டா எழுத்தைத் தன் போக்கில் பிடித்துக்கொண்டாள். பின்னாளில் ஊர் நூலகத்துக்கு வந்து குதிரைகளைப் பற்றிய புத்தகங்களை எல்லாம் படித்து முடித்துவிட்டு, புரட்சிகளைப் பற்றிய அலமாரிக்கு நகர்ந்தாள். நூலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அவளுடைய அப்பாவிடம் ஒரு திட்டுநிற ஆண்குதிரை இருந்தது. அதற்குப் பிறந்த குட்டிகள் எதையும் தாண்டும். ஆகஸ்டில் டப்ளினில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு அவர் வருஷா வருஷம் போவார், வெளிச் சுவருக்கு இந்தப் பக்கம் வரைக்கும். தெருவில் நின்று குட்டிகளை விற்பார். ஒரே நிறமாகப் பிறந்த குட்டிகளைக் கனவான்கள் வாங்கிப் போய், வேறு பெயர் வைத்து, இரண்டு மூன்று வருஷம் கழித்து அதே சுவருக்கு உள்ளே பரிசு வாங்குவார்கள். அப்பா வெளியே நின்று கைதட்டல் சத்தத்தைக் கேட்பார். கடைசிவரை அவர் அந்த முன்வாசல் வழியாக உள்ளே போனதில்லை.

அட்ராக்டாவுக்கு வேண்டியிருந்தது அந்த வாசல்தான். கில்மோரன் கண்காட்சியில் வேட்டைக்குதிரைப் பிரிவில் முதலாவது வருகிற ஒரு குதிரை டப்ளினுக்குப் போகலாம். இரண்டாவது வருகிற குதிரை வீட்டுக்குப் போகலாம்.

அவளுடைய பெண்குதிரைக்குக் கன்னியாஸ்திரி என்று பெயர். பெயரைப் பதிவு செய்த வருஷம் ஃபாதர் கில்ஹூலி அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒலிபெருக்கியில் கன்னியாஸ்திரி வேலியைத் தாண்டினாள், கன்னியாஸ்திரி குழியில் இறங்கினாள் என்றெல்லாம் சொன்னால் மடத்திலிருக்கும் சகோதரிகள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்.

அட்ராக்டா அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். "ஃபாதர், உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளை. விடியறதுக்கு முன்ன எழுந்திரிச்சுடறா. இதுவரைக்கும் எந்த ஆண்குதிரையையும் ஏறெடுத்துப் பார்க்கல. வேற என்ன பேரு வைக்கறது, நீங்களே சொல்லுங்க."

ஃபாதர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

வேட்டைக்குதிரைப் பிரிவில் நிற்பதற்குக் குதிரை பனிக்காலம் முழுக்க நரி வேட்டையில் நாய்களுக்குப் பின்னால் வயல்வெளியில் ஓடிப் பழகியிருக்க வேண்டும். எங்கள் வேட்டைக் குழுவில் டிராவலர் யாரும் அதுவரை இருந்ததில்லை. சேர்க்கக் கூடாது என்று விதி இல்லை, சேர்ந்ததில்லை, அவ்வளவுதான். எங்கள் நாட்டில் பாதி அநியாயம் இப்படி எழுதப்படாமலேதான் நடக்கிறது. அட்ராக்டா அனுமதி கேட்கவில்லை. ஒரு நவம்பர் காலையில் கூட்டத்தின் வாலில் வந்து சேர்ந்துகொண்டாள். கனவான்கள் பள்ளத்தில் விழுந்தால் ஓடிப்போகிற குதிரைகளைப் பிடித்து வந்து கொடுத்தாள். அவளைப் போகச் சொன்னால் அப்புறம் யார் குதிரையைப் பிடிப்பது? இரண்டாவது பனிக்காலத்தில் அவள் வாலில் இல்லை, நடுவில் இருந்தாள். மூன்றாவதில், சேறு தெறிக்காமல் வேட்டையாட வேண்டும் என்று நினைத்தவர்கள் அவளுக்கு முன்னால் போக வேண்டியிருந்தது. யாராலும் முடியவில்லை.

அந்த வருஷக் கண்காட்சியில் அவள் முதல் முறையாக நுழைந்தாள். கன்னியாஸ்திரி எல்லா வேலிகளையும் சுத்தமாகத் தாண்டினாள். அதற்குப் பிறகுதான் எங்கள் பிரிவின் முக்கியமான சடங்கு. சுத்தமாகத் தாண்டிய ஒவ்வொரு குதிரையின் மீதும் நடுவர் தானே ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குதிரையின் தோல்தான் தெரியும். முதுகில் உட்கார்ந்தவருக்குத்தான் குதிரை தெரியும். கண்காட்சிக் குழுவில் நானும் ஒருவன்; நடுவரை ஏற்றிவிடுவது என் வேலை. குனிந்து, அவருடைய இடது காலைக் கையில் தாங்கி, ஒரு தூக்கு. நடுவர் கில்டேரிலிருந்து வந்த கேப்டன் பெர்சிவல். அட்ராக்டா இறங்கி, கால் வைக்கும் அங்கவடியின் நீளத்தை அவருக்கு ஏற்றபடி மாற்றி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நான் குனிந்து நின்றேன். கேப்டன் வானத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது என்றார். எங்களைத் தாண்டிப் போய்விட்டார். நான் நிமிர்ந்தேன். ஏறிப் பார்க்காத குதிரைக்குக் கடைசி இடம் கிடைத்தது.

டிசம்பரில் கண்காட்சிக் குழுவின் பொதுக்கூட்டம் நடந்தது. அட்ராக்டா பின்வரிசையில் எழுந்து, தன் குதிரைமேல் நடுவர் ஏன் ஏறவில்லை என்று கேட்டாள். குழுவில் செல்வாக்குள்ள மனிதர் டெக்லன் ஹான்லி, கில்மோரனின் ஏலக்கடைக்காரர். ஊரில் எந்த வீடு, எந்த நிலம் கைமாறினாலும் அவர் கை அதில் இருக்கும். அந்த வருஷம் முதல் பரிசு வாங்கியது அவருடைய பழுப்புக் குதிரை, ராயல் மெசஞ்சர். நடுவர் தீர்ப்பைக் கேள்வி கேட்பது நம்ம மரபு இல்லையம்மா என்று ஹான்லி மேடையிலிருந்து இனிமையாகச் சொன்னார்.

"தீர்ப்பை நான் எங்க கேட்டேன்? முதல் பரிசா கேக்கறேன்? மேல ஏறுங்கன்னு கேக்கறேன். ஏறிட்டு, இது மோசம்னு சொல்லட்டும். வாயை மூடிட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

அவள் உட்காரவில்லை. பதில் வரும்வரை நின்றாள். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் எதிர்ச் சுவரில் தொங்கிய அன்னை மரியாளின் படத்தைப் பார்த்தார்கள், அங்கிருந்து ஏதாவது உதவி வருமோ என்று. எதுவும் வரவில்லை. சுத்தமாகத் தாண்டிய எந்தக் குதிரையையும் நடுவர் விட்டுவிடக் கூடாது என்று நான் முன்மொழிந்தேன், பால்பண்ணை மேலாளர் வழிமொழிந்தார், கைகள் தயங்கித் தயங்கி மேலே வந்தன. ஆனால் நடுவரை மாற்ற முடியவில்லை. கேப்டனை இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துப் பேசிவிட்டார்களாம்.

கூட்டம் முடிந்ததும் ஹான்லி அட்ராக்டாவிடம் வந்தார். கெட்ட மனிதர் இல்லை; கெட்ட ஊரில் வசதியாக வாழக் கற்றுக்கொண்டவர். தணிந்த குரலில் பேசினார்.

"இதோ பாரும்மா. கேப்டனுக்கு அந்த நிறம் ஆகாது. பாட்டில்ல சாயம் விக்கறான். வெள்ளைய எல்லாம் கறுப்பாக்கிடு. எல்லாரும் அங்கங்க கொஞ்சம் தொட்டுக்கறதுதான். யார் கேக்கப் போறா?"

"சாயம் பூசிட்டா ஜெயிக்கறது யாரு, மிஸ்டர் ஹான்லி? என் குதிரையா, அந்த பாட்டிலா?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பக்கத்தில் நின்ற அவள் கணவன் மைலியால் தாங்க முடியவில்லை. சாலை போடும் வேலை செய்கிறவன். எதையும் சத்தமாகச் சொல்லிப் பழகியவன். "சொல்லிடட்டுமா? இப்பவே, இந்த வாசல்லயே சொல்லிடட்டுமா?" என்று குதித்தான். அட்ராக்டா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவன் சொல்ல விரும்பியது இதுதான். ராயல் மெசஞ்சர் பிறந்தது அட்ராக்டாவின் சித்தப்பாவின் முகாமில். அவள் அப்பாவின் அதே திட்டுநிற ஆண்குதிரைக்குப் பிறந்தது. பாலினஸ்லோ சந்தையில் மூன்று கை மாறி, பெயர் மாறி, ஹான்லியிடம் வந்தது. உடம்பு முழுக்கப் பழுப்பு, அடிவயிற்றில் மட்டும் ஒரு கையகலத்துக்கு வெள்ளை. அது பிறந்தபோது வைக்கோலால் துடைத்துவிட்டவள் அட்ராக்டா. இப்போது அந்த வெள்ளை காணவில்லை. எப்படிக் காணாமல் போயிருக்கும் என்பது அவளுக்கும் மைலிக்கும் தெரியும். உடம்பில் வெள்ளைத் திட்டு இருந்தால் எந்த வழியில் வந்த குதிரை என்று கேப்டன் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார் என்பது ஹான்லிக்குத் தெரியும்.

இதெல்லாம் அவளுக்கு அப்போதே தெரியும் என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் அட்ராக்டா என்னிடம் சொன்னாள். ஏன் அப்போதே போட்டு உடைக்கவில்லை என்று கேட்டேன்.

"எதுக்கு? அதுவும் எங்க வீட்டுப் புள்ளதான். அந்தக் குதிரை என்ன தப்பு பண்ணுச்சு? அசிங்கம்னு நினைக்கறவன்தான் மறைப்பான். நான் சொல்லிக் காட்டியிருந்தா, அசிங்கம்னு நானும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருக்கும்."

அடுத்த ஜூலையில் கண்காட்சி நாள் மழையோடு விடிந்தது. எங்கள் பக்கத்தில் மழை பெய்யாத கண்காட்சியை யாரும் நம்ப மாட்டார்கள். ஆட்டுக் கொட்டகைக்கும் ஜாம் போட்டி நடக்கும் கூடாரத்துக்கும் நடுவில் கயிறு கட்டிய வளையம். வேலிகளை எல்லாம் வயலில் இருப்பது போலவே கட்டியிருந்தோம். முள்செடி வைத்த கட்டைவேலி, பட்டைகூட உரிக்காத மரத்தடிகள், ஒரு பண்ணைக் கதவு, மேலே ஏறி மறுபக்கம் இறங்கவேண்டிய மண்கரை, கடைசியில் சுண்ணாம்பு பூசாத கல் சுவர். வேகமாக ஓடுவதற்கு இங்கே மதிப்பெண் இல்லை. நாள் முழுக்க ஓடவேண்டிய குதிரை எந்த வேகத்தில் ஓடுமோ அந்த வேகத்தில், கூட்டாமல் குறைக்காமல், எதையும் தட்டாமல் வரவேண்டும்.

ராயல் மெசஞ்சர் சுத்தமாக முடித்தது. நல்ல குதிரை, அதை மறுப்பவன் பொய்யன். இன்னும் இரண்டு குதிரைகள் முடித்தன. மற்றவை மண்கரையில் நின்றன, அல்லது கதவைத் தட்டின. ஒன்று தன் சவாரிக்காரரை முள்செடியில் விட்டுவிட்டு ஜாம் கூடாரத்துக்குப் போய்விட்டது.

"அடுத்து, கன்னியாஸ்திரி," என்றார் பால்பண்ணை மேலாளர் ஒலிபெருக்கியில். "அட்ராக்டா மக்டோனாவின் சொந்தக் குதிரை, அவரே ஓட்டுகிறார்."

கயிற்றுக்கு வெளியே யாரோ வண்டிக்காரி வந்துட்டா, வழி விடுங்க என்றான். அட்ராக்டா திரும்பவில்லை. அவள் போட்டிருந்த கம்பளிக் கோட்டு யாருடையதோ பழையது. தோளில் கொஞ்சம் பெரிது. சவாரி தொடங்கியதும் அந்தக் கோட்டை யாரும் பார்க்கவில்லை. கன்னியாஸ்திரி ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டாள், அதை விடவே இல்லை. வேலி வருவதற்கு முன்னும் அதே தாளம், வேலிக்குப் பின்னும் அதே தாளம். நடுவில் கொஞ்சம் காற்று. மண்கரையில் பூனை போல ஏறி, ஒரு கணம் உச்சியில் நின்று அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்து, இறங்கினாள். கல் சுவருக்கு அப்பால் சேறு. இறங்கியதும் முன்கால் வழுக்கி, மூக்கு புல்லைத் தொட்டது. கூட்டம் மூச்சை இழுத்தது. அட்ராக்டா ஒன்றுமே செய்யவில்லை. கையைத் தளர்த்திக் கழுத்துக்கு இடம் கொடுத்தாள், அவ்வளவுதான். குதிரை தானாக எழுந்து, விட்ட இடத்திலிருந்து தாளத்தைத் தொடர்ந்தது. ஒரு கல்கூட விழவில்லை.

சுத்தமாக முடித்தவை நான்கு. கேப்டன் ஏறவேண்டிய நேரம்.

ராயல் மெசஞ்சரில் ஒரு சுற்று போனார். இறங்கினார். மற்ற இரண்டிலும் ஒவ்வொரு சுற்று. அந்த மனிதருக்கு அது ஒரு கடிகார வேலை. வளையத்தைச் சுற்றி வந்து, நான் நிற்கிற இடத்துக்கு நேராகக் கடிவாளத்தை இழுத்து நிறுத்துவார். கடைசியாகக் கன்னியாஸ்திரிக்குப் பக்கத்தில் வந்தார். வானத்தைப் பார்த்தார். குழுவினர் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். பால்பண்ணை மேலாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்தேன்.

"வண்டியில பூட்டாம இது நடக்குமா?" என்றார் கேப்டன், அவளிடம்.

"உங்களுக்குப் பழக்கம் இல்லன்னு தெரிஞ்சா மெதுவா போவா, கேப்டன். பயப்படாதீங்க."

அவர் காது சிவந்தது. காலைக் கொடுத்தார். நான் தூக்கிவிட்டேன்.

முதலில் நடை, பிறகு துள்ளுநடை, பிறகு நீண்ட பக்கத்தில் நாலுகால் பாய்ச்சல். மூலையில் திரும்பும்போது அவருடைய முதுகு மாறியதைப் பார்த்தேன். அதுவரை ஆணி அடித்தது போல் இருந்த முதுகு, குதிரையோடு சேர்ந்து அசையத் தொடங்கியது. சுற்று முடிந்தது. நான் கடிவாளத்தைப் பிடிக்க ஓரடி முன்னால் வைத்தேன். கேப்டன் என்னைத் தாண்டிப் போனார்.

ஆட்டு வியாபாரிகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் மண்ணில் இதன் அர்த்தம் தெரியாதவர் இல்லை. நடுவரின் முகம் எதையும் காட்டாது. முகத்தை அடக்க அவர்களுக்குப் பயிற்சி உண்டு. உடம்பை அடக்கப் பயிற்சி கிடையாது. கேட்காமல் இரண்டாவது சுற்று போகிற நடுவர், இறங்க மனமில்லாமல் போகிறார். எல்லோர் கண்ணுக்கும் முன்னால், கொட்டுகிற மழையில், வட்டத் தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் ஒழுக, கேப்டன் பெர்சிவல் ஒரு டிராவலர் குதிரையின் மேல் இரண்டாவது சுற்று போனார்.

இறங்கியதும் முகத்தைப் பழையபடி மூடிக்கொண்டார். நனைந்து ஊறிய கையுறைகளைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். குதிரைகளை வரிசைக்கு அழைத்தார். முதலில் ராயல் மெசஞ்சர். இரண்டாவது கன்னியாஸ்திரி.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. இரண்டாம் இடம் அவர் தன் மனச்சாட்சிக்குக் கொடுத்த லஞ்சம். போன வருஷம் கடைசி, இந்த வருஷம் இரண்டாவது, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிற வகை நியாயம். அட்ராக்டாவின் முகத்தைப் பார்த்தேன். நேராகக் குதிரையின் காதுகளுக்கு நடுவில் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்ளின் வாசல் அந்தத் திசையில் இல்லை, ஆனாலும் அவள் அதைத்தான் பார்த்தாள்.

வரிசை இன்னும் முடிவானதல்ல. சேணத்தை இறக்கி, வெறும் உடம்பைத் தடவிப் பார்க்கும் கட்டம் பாக்கி. அதில் இடம் மாறுவது அபூர்வம். குதிரையைத் துடைக்க உதவியாட்கள் உள்ளே வரலாம். ஹான்லி தானே துணியோடு வந்தார். முதுகை அழுத்தித் துடைத்தார். அடிவயிற்றுப் பக்கம் துணியைக் கொண்டுபோகவே இல்லை. கேப்டன் முன்னால் வந்து, குதிரையின் கழுத்திலிருந்து தொடங்கி, தோள், முன்கால், விலா என்று கையை ஓட்டினார். வயிற்றுப்பட்டை கட்டியிருந்த இடத்தைத் தாண்டி, அடிவயிற்றில் கை போயிற்று. அங்கே சற்று நின்றது. நிமிர்ந்தார். கண்ணில் மழை. வெறும் கையால் நெற்றியிலிருந்து கன்னம் வரை வழித்துவிட்டுக்கொண்டார்.

நெற்றியில் ஒரு பழுப்புப் பட்டை. மூக்கில் பாதி. இடது கன்னம் முழுக்க.

ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. ஹான்லியின் கையிலிருந்து துணி விழுந்தது. குதிரையின் வயிற்றிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டச் சொட்ட உள்ளே வெள்ளை தெரிந்தது.

கயிற்றுப் பக்கத்திலிருந்து மைலியின் குரல், சாலை வேலைக்காரனின் குரல், வளையம் முழுக்கக் கேட்டது. "கேப்டனும் ரெண்டு கலர் ஆயிட்டாருய்யா. கொண்டுபோய்க் கடைசியில நிறுத்துங்க."

இப்படி ஒரு சிரிப்பைக் கில்மோரன் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஜாம் கூடாரத்திலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஃபாதர் கில்ஹூலி குடையை முகத்துக்கு நேராகத் தாழ்த்திக்கொண்டார், குடை குலுங்கியது. கேப்டன் தன் கையைப் பார்த்தார். மெதுவாக ஹான்லியிடம் திரும்பினார்.

"இது என்ன?"

"ஒரு சின்ன வெள்ளை, கேப்டன். கையகலம்தான்."

"வெள்ளை இருந்தா என்ன? அதுக்கு விதியில தடை இல்லையே. எதுக்குய்யா மறைச்ச?"

ஹான்லிக்கு வேறு வழி இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். "உங்களுக்குப் பிடிக்காதே, கேப்டன்."

சிரிப்பு அடங்கியது. இதைவிடத் தெளிவான குற்றப்பத்திரிகையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எந்த விதியும் தடுக்காத ஒன்றை மறைக்க ஒரு பணக்காரன் தன் குதிரையின் வயிற்றுக்குக் கீழே படுத்துச் சாயம் பூசியிருக்கிறான், ஒருவருடைய வெறுப்புக்குப் பயந்து. அவனே இப்படிப் பயந்தால் மறைக்க முடியாதவர்களின் கதி என்ன?

அப்போதுதான் அட்ராக்டா வாயைத் திறந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அந்தக் குதிரைய ஒண்ணும் சொல்லாதீங்க, கேப்டன். அது நல்ல குதிரை. என் குதிரைக்கு அண்ணன் முறை. ரெண்டுக்கும் ஒரே அப்பன்." ஹான்லி தலையைக் குனிந்துகொண்டார். "நான் ஒண்ணு மட்டும் கேக்கறேன். இதுல ஒரு சுத்து போனீங்க. என் குதிரையில ரெண்டு சுத்து போனீங்க. ரெண்டாவது சுத்து எதுக்குப் போனீங்க?"

நடுவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. குழுவினர் எழுந்து நின்றார்கள். கேப்டன் நினைத்திருந்தால் மரியாதைக் குறைவு என்று அவளை அங்கேயே வெளியே அனுப்பியிருக்கலாம். அவர் கன்னியாஸ்திரியின் பக்கம் நடந்து வந்தார். குதிரையின் கழுத்தில், சரியாகக் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற இடத்தில், கையை வைத்தார். பழுப்புக் கறை ஒன்று அங்கே ஒட்டியது.

"நிறம் எனக்கு இப்பவும் பிடிக்கல," என்றார். "அது என் தலையில இருக்கற கோளாறு, வயசாயிடுச்சு. ஆனா நாப்பது வருஷமா குதிரை ஏறறேன். இறங்க மனசு வரல, அதான் போனேன்."

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னார். "பார்ட்லி, கறுப்பு வெள்ளைய மேல கொண்டுவா."

அட்ராக்டா கன்னியாஸ்திரியை முன்னால் நடத்தினாள். ராயல் மெசஞ்சர் ஒரு இடம் பின்னால் போயிற்று. சாயத்துக்கான தண்டனை அல்ல அது. ஒரு சுற்றுக்கும் இரண்டு சுற்றுக்கும் உள்ள வித்தியாசம்.

முதல் பரிசுக்கான சிவப்பு ரிப்பனைக் கட்டவேண்டியவர், வழக்கப்படி, பங்குத்தந்தை. ஃபாதர் கில்ஹூலி மழையில் வந்து, கன்னியாஸ்திரியின் கடிவாளத்தில் ரிப்பனை மாட்டினார். கடவுள் சரியான நேரத்தில் மழையை அனுப்பினார் என்று அட்ராக்டாவிடம் மெல்லச் சொன்னார்.

"போன வருஷமும் மழைதான் ஃபாதர்," என்றாள் அவள். "அப்ப என் குதிரை மேல யாரும் ஏறல."

அவர் புன்னகைத்தார். அந்த மழையில் தெய்வச் செயல் எதையும் நான் காணவில்லை. ஒரு பெண் டிசம்பர் மாதம் ஒரு கூட்டத்தில் எழுந்து, பதில் வரும்வரை உட்கார மறுத்தாள். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

அந்த ஆகஸ்டில் அவள் டப்ளினுக்குப் போனாள். வாசலில் நின்ற காவலாளி குதிரையின் நிறத்தைப் பார்த்துவிட்டு, விற்கிறவர்கள் எல்லாம் பின்தெருவுக்கு என்று கை காட்டினானாம். அவள் நுழைவு எண்ணைக் காட்டினாள். அவன் கதவைத் திறந்தான். குதிரையை விட்டு இறங்காமலேயே உள்ளே போனாள். அங்கே ஐந்தாவதாக வந்தாள். அதைப் பற்றிப் பேச அவளுக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. வாசலைப் பற்றிப் பேசச் சொன்னால் ஒரு மாலை முழுக்கப் பேசுவாள்.

ஆனால் எனக்கு நினைவிருப்பது கில்மோரன்தான். பரிசு வாங்கிய குதிரை வளையத்தை ஒருமுறை சுற்றி வந்து வெளியே போகவேண்டும் என்பது மரபு. அட்ராக்டா ஏறினாள். நான் தூக்கிவிட முன்வந்தேன், அவளுக்குத் தேவைப்படவில்லை. கன்னியாஸ்திரி தன் தாளத்தைப் பிடித்துக்கொண்டாள். வண்டிக்காரி என்று கத்தியவன் நின்ற இடத்தைத் தாண்டினாள். ஹான்லியைத் தாண்டினாள். அவர் தன் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு, வயிற்றில் வெள்ளை தெரிய, வெட்டவெளியில் நின்றிருந்தார். சுற்று முடிந்தது. வெளிவாசல் கயிற்றை நான் தாழ்த்திப் பிடித்தேன்.

அவள் என்னைத் தாண்டிப் போனாள்.

"எதுக்கு ரெண்டாவது?" என்று பால்பண்ணை மேலாளர் ஒலிபெருக்கியை மூட மறந்து கேட்டது வளையம் முழுக்க ஒலித்தது.

"கேப்டன கேளுங்க," என்றான் மைலி.

கேப்டன் பெர்சிவல் வளையத்தின் நடுவில், முகத்தில் பழுப்புக் கறையோடு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் நின்றார். அந்த இரண்டாவது சுற்று முடியும்வரை அவர் தொப்பியை மறுபடி போடவில்லை.